சான்றிதழை பைலில் வைத்தாயிற்று, இனி?

(மட்டக்களப்பில் ஓராண்டுத் தொண்டை முடித்த இளைஞர்களிடம் பேசியது)

தம்பி தங்கச்சிமாரே, நாளைக்கு வீட்டுக்குப் போனால் 'ஒரு வருசத்தை வீணாக்கிப்போட்டு வந்து நிக்கிறா' என்று ஒரு மாமியாவது சொல்லாமல் விடமாட்டா. சொல்லட்டும். என் கவலை வேறு. இந்த வருசத்தை நெஞ்சுக்குள் வைத்துப் பூசை செய்துகொண்டு, கிடைக்கிற உத்தியோகத்தையெல்லாம் 'இதில சேவை இல்லையே' என்று தட்டிக்கழிக்கிறீர்களே, அதுதான்.

அமெரிக்காவின் இயேசு சபைத் தொண்டர் அமைப்பு 1956இல் அலாஸ்காவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு உதவப் போனவர்களிடமிருந்து வளர்ந்தது. அங்கே வருசத்தை முடித்தவர்கள், இனிப் பழையபடி வாழ ஏலாது என்ற அர்த்தத்தில், 'வாழ்நாளுக்கும் கெட்டுப்போனோம்' என்று தங்களையே பகிடி பண்ணுவார்கள். நல்லது, நீங்களும் கெட்டுப்போங்கள், ஆனால் சம்பளம் எடுத்தபடி.

என் தொண்டு வருசத்தில் நான் வாகரைப் பக்கம் பெண்களுக்கு நுண்கடன், அதாவது ஏழைகளுக்குக் கொடுக்கிற சின்னக் கடன், புத்தகம் பார்த்துக் கொடுத்தேன். ஒரு இலட்சம் ரூபா, 24 வீத வட்டி, 12 மாதம். மாதம் 10,333 ரூபா. பார்க்க ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஆறு மாதத்தில் பாதிக் காசு அடைபட்ட பிறகும் முழு இலட்சத்துக்கும்தான் வட்டி எடுக்கிறார்கள், மிஞ்சின காசுக்கு மட்டும் கணக்குப் போட்டால் அது 42 வீதத்துக்குக் கிட்ட வருகிறது. இதைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்ட ஒரு அக்கா, 'வாசிச்சிட்டுத்தான் புள்ள கையெழுத்து வெச்சம், இது எங்க எழுதியிருந்திச்சி?' என்றா. 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் ஒரு இலட்சத்துக்குள் எடுத்த நுண்கடனுக்கு நிவாரணம் அறிவித்தது. சரி, கணக்கு விளங்காவிட்டால் அடுத்த கடனுக்கும் அதே கையெழுத்துத்தானே?

இப்போது நான் ஒரு வங்கியில், கடன் பிரிவில். சிரிக்காதீர்கள். வருகிறவர்களுக்கு இரண்டு கணக்கையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பேன், முகாமையாளர் முகம் சுளிப்பார், பிறகு விட்டுவிடுவார்.

ஹரி மில்லர் அடிகளாரை இங்கே பலருக்குத் தெரியும். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருவானவர், புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்தவர். யுத்த காலத்தில் சமாதானக் குழுவில் இருந்து, காணாமல் போனவர்களின் விபரங்களை எழுதி வைத்தார். அவருடைய சபைத் தோழர் யூஜின் ஹேபர்ட் அடிகளாரே 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கும் அந்தப் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம் என்று மில்லர் அடிகளார் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

கிராம உத்தியோகத்தர் பரீட்சைக்கு அறிவித்தல் வந்தால் விண்ணப்பியுங்கள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து பஸ் மாறி வருகிற அம்மாவை 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பாத ஒருவர் பிரதேச செயலகத்திலும் வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் கூட்டம் முடிய என்னிடம் வாங்க, அது கொஞ்சம் தொல்லை.