கடிதம் யாருக்குப் போகவில்லை?

ஒரே ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

1998 ஜூன் 2 அன்று, கார்கில் போருக்கு ஏறத்தாழ ஓராண்டு முன், உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யின் இயக்குநர் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம் அது. கார்கிலுக்கு எதிர்ப்புறம் பாகிஸ்தான் தரப்பில் நடமாட்டம் இருக்கிறது என்பது விஷயம். பிரதமர், உள்துறை அமைச்சர், அமைச்சரவைச் செயலாளர், உள்துறைச் செயலாளர், ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் என்று ஐந்து பேருக்குப் போனது. எல்லாம் பெரிய இடங்கள்தான். ஆனால் வெளிநாட்டு உளவு அமைப்பான ராவின் தலைவருக்குப் போகவில்லை, ராணுவ உளவுத்துறைத் தலைவருக்குப் போகவில்லை, கூட்டு உளவுக் குழுத் தலைவருக்கும் போகவில்லை.

இந்த மூவர் ஏன் முக்கியம்? 1962, 1965 போர்களில் கண்ட ஓட்டைகளுக்கு அப்புறம், 1968இல் ஐ.பி.யிடமிருந்து வெளிநாட்டு வேலையைப் பிரித்து ரா என்று தனியாக அமைத்தார்கள். எல்லைக்கு அப்பால் துப்பைத் துரத்திப் போக வேண்டியது ராதான். ராணுவத்துக்கு அதன் சொந்த உளவு உண்டு. எல்லோரும் கொண்டுவருவதை ஒன்றாகப் பரப்பி வைத்து, எதை நம்பலாம், எது வெறும் புரளி, மொத்தத்தில் என்ன நடக்கிறது என்று அரசுக்குச் சொல்வது அப்போது கூட்டு உளவுக் குழுவின் வேலையாக இருந்தது. சேகரித்தவரே எடைபோடவும் கூடாது என்பதுதான் ஏற்பாடு. தன் ஆள் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த செய்தி மேல் யாருக்கும் கொஞ்சம் பாசம் இருக்கத்தானே செய்யும்?

மேலே கொடுத்தால் தானாகக் கீழே இறங்கிவிடும் என்று எதிர்பார்த்ததாக இயக்குநர் பிற்பாடு சொன்னார். ராவுக்கு அது இறங்கவே இல்லை. இதில் வேடிக்கை, அப்போது ரா தலைவர்தான் கூட்டு உளவுக் குழுத் தலைவர் பொறுப்பையும் கூடுதலாகப் பார்த்துவந்தார். ஒரு உறை தப்பியது, இரண்டு நாற்காலிக்கும் சேதி போகவில்லை.

இதையெல்லாம் எழுதி வைத்தது, போருக்குப் பிறகு அரசு அமைத்த, கே. சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் ஆய்வுக் குழு. திருச்சியில் பிறந்தவர், கூட்டு உளவுக் குழுவுக்கே ஒருகாலத்தில் தலைவராக இருந்தவர், அதனால் எந்த அலமாரியில் எவ்வளவு தூசு என்று அவருக்குத் தெரியும். கூட்டு உளவுக் குழுவின் மதிப்பீடுகளை மேலிடம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கூட்டத்துக்கே மிக இளநிலை அதிகாரிகளைத்தான் அமைப்புகள் அனுப்பிவந்தன என்கிறது அறிக்கை. சரி, மேலிடம் படிக்காத மதிப்பீட்டுக்கு எவன் மூத்த அதிகாரியை அனுப்புவான்?

கடைசியில் 1999 மே 3 அன்று கார்கில் மலைமேல் பாகிஸ்தான் தரப்பிலிருந்து ஊடுருவிய ஆட்கள் இருப்பதைப் பார்த்துச் சொன்னவர்கள் ஆடு மேய்ப்பவர்கள் இருவர். பக்கத்துப் பிரிகேடின் உளவுக் குழுவுக்கு அவ்வப்போது தகவல் சொல்லிவந்தவர்கள்.