உரலுக்குப் பேர் ‘உ’

(போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. பாதியில் மைக் நின்றுபோனதால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று குறைப்பட்டார்கள். அதனால் பேசியதைப் பேசினபடியே எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவி அவர்களே, இந்த விழாவுக்காகவே சென்னையிலிருந்து பல்லவனில் வந்திறங்கி, இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த தன் வீட்டுக் கல்யாணக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி நமக்குக் கொடுத்திருக்கிற வீட்டுக்கார அண்ணன் அவர்களே, காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற விஞ்ஞானி ஐயா அவர்களே, நூலகர் தம்பி, அங்கன்வாடி டீச்சர், மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் வந்து சண்டை போடுங்கள். எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. பொன்னாடைக்குப் பதிலாக ஒரு சிலேட்டு கொடுங்கள் என்று போன வருஷமே சொன்னேன், அங்கன்வாடிக்காவது ஆகும். தலைவர் சிரிக்கிறார். போன வருஷமும் இப்படித்தான் சிரித்தார்.

சின்னப் பிள்ளைகள் போனில் எழுத்து படிக்கிற விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். அந்த விளையாட்டில் என்ன நல்லது, என்ன கெட்டது, எதை நம் பிள்ளைக்குக் கொடுக்கலாம். நான் 34 வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். முன்வரிசையில் இருக்கிற என் பழைய மாணவர்களுக்கு இது காதில் விழுந்து விழுந்து புளித்திருக்கும். இன்றைக்கும் நாலு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் பேரன் கதை. மாசி பங்குனித் திருவிழாவுக்குப் பெங்களூரிலிருந்து மகள் வந்திருந்தாள். பேரனுக்கு நாலு வயசு. வந்ததும் வராததுமாகத் தொடுதிரை டேபை விரித்து உட்கார்ந்துவிட்டான். வானத்தில் பலூன் பறக்கிறது, பலூனுக்குள்ளே எழுத்து, தொட்டால் ‘பட்’டென்று வெடித்து, ‘அ... அணில்!’ என்று ஒரு பெண் குரல். ‘ஆ... ஆடு!’ பன்னிரண்டு உயிரெழுத்தையும் நான் காப்பி ஆற்றி முடிப்பதற்குள் முடித்துவிட்டான். மூன்று ஸ்டார் விழுந்தது, கிளி ஒன்று சிறகடித்து ஆடியது. நான் அசந்துபோனேன். ஒன்றாம் வகுப்பில் ஆடி மாசம் வரைக்கும் மல்லுக்கட்டினால்தான் எனக்கு இது நடக்கும். எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில், பால்காரரிடம்கூடப் பெருமை அடித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் இரண்டாம் கட்டுக்கு ஓடினான். அங்கே எங்கள் மாமியார் காலத்து உரல் கிடக்கிறது, இப்போது கோழிதான் அதில் தண்ணீர் குடிக்கிறது. அதைப் பார்த்ததும், ‘ஆயா, உ!’ என்று கத்தினான். அட, உரலுக்கு முதல் எழுத்து உ என்று பிடித்துவிட்டானே என்று எனக்குப் பூரிப்பு. அடுத்து, ‘ஆயா, உ மேல ஏறட்டுமா?’ என்றான். அப்போதுதான் சுருக்கென்றது. வளவு முற்றத்துக்கு வந்தான், ஊஞ்சலைக் காட்டி ‘ஊ’ என்றான். பரண் மேல் சாத்தியிருந்த ஏணியைக் காட்டி ‘ஏ’ என்றான். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அப்பத்தா, எண்பதைத் தாண்டியவர், வெள்ளை முடி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஊன்றுகோல், பிள்ளைக்கு மணகோலம் பலகாரம் கொடுக்கலாம் என்று டப்பாவோடு உள்ளே வருகிறார். இவன் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ‘ஆயா, ஔ வந்துருச்சு!’ என்றான்.

சிரியுங்கள், சிரியுங்கள். நாங்கள் சிரித்த சிரிப்பில் அப்பத்தா கையிலிருந்த டப்பா கீழே விழுந்து மணகோலம் வளவு பூராவும் உருண்டது. இப்போதும் அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, ‘ஔ வந்திருக்கேன், காப்பி இருக்காத்தா?’ என்றுதான் கேட்கிறார். அதோ, நாலாம் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சிரித்து முடித்த பிறகு டேபை வாங்கி, உரல் படத்தைக் கட்டைவிரலால் மறைத்தேன். எழுத்து மட்டும் தெரிகிறது. ‘இது என்னடா?’ என்றேன். என் விரலைப் பார்த்து, ‘எடு’ என்றான். எடுக்க மாட்டேன் என்றேன். உதட்டைப் பிதுக்கினான். ஒரு தாளில் பெரிசாக உ எழுதிக் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு, ‘வாத்து’ என்றான். மூன்று ஸ்டார் வாங்கிய பிள்ளை! படித்ததெல்லாம் படத்தை. எழுத்து அந்தப் படத்துக்குப் பக்கத்தில் சும்மா நின்றிருக்கிறது.

சரி, பழைய வைத்தியத்துக்குப் போனேன். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பினேன். அவன் விரலைப் பிடித்து ‘உ’ என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஒரு சுழி, ஒரு இழுப்பு. ஒரு நாள் ஒரு எழுத்துதான். மூன்று சாயங்காலம் அதே உ. மூன்றாவது நாள் மளிகைச் சிட்டை எழுதி மேஜையில் வைத்திருந்தேன். நம்ம ஊரில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து உப்பு புளிச் சிட்டை வரைக்கும் தலையில் என்ன இருக்கும்? பிள்ளையார் சுழி. பிள்ளையார்பட்டிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு அது இல்லாமல் எழுதுவோமா? அவன் சிட்டையை எடுத்துக்கொண்டு வந்து மேலே விரலை வைத்து, ‘ஆயா, இங்க பாரு, உ!’ என்றான். படம் இல்லை, பலூன் இல்லை, கிளி இல்லை. எழுத்து தெரிந்தது என்றால் அதுதான். சித்திரமும் கைப்பழக்கம்!

இதைக் கேட்டுவிட்டு டீச்சர் போனுக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நல்லதும் சொல்கிறேன். எழுத்து சொல்லிக்கொடுக்கிற மின்னணுப் பொம்மை ஒன்றும் புதுசு இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்று வாயால் பேசும் பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1978ல். அது ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுப்பது, இன்னும் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானது. அதே 1978ல்தான் இங்கே பெரியார் சொன்ன எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு எடுத்துக்கொண்டது. தும்பிக்கை போட்ட லை, னை எல்லாம் போனது அப்போதுதான். அங்கே பொம்மை பேசக் கற்றுக்கொண்ட வருஷம், இங்கே நாங்கள் கரும்பலகையில் லை எழுதப் புதுசாகக் கற்றுக்கொண்டோம்.

பொம்மைக்குப் பொறுமை அதிகம். நூறு தடவை தொட்டாலும் நூறு தடவை அதே குரலில் சொல்லும், முதுகில் அடிக்காது. இன்னொன்று, சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, நம்ம பக்கத்தில் பாதிப் பேர் ‘வாளப்பளம்’தான். 34 வருஷத்தில் நான் எத்தனை பிள்ளைக்கு ழகரத்தைக் கெடுத்தேனோ! நல்ல குரல் வைத்துச் செய்த விளையாட்டில் ழ சுத்தமாக விழுகிறது. சில விளையாட்டுகளில் அந்தக் குரலும் ‘பளம்’ என்கிறது, அது வேறு கதை.

திரையால் முடிந்து என் சாக்பீஸால் முடியாத காரியமும் ஒன்று உண்டு. நம் எழுத்து மொத்தம் 247. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று போக மீதி 216ம் உயிர்மெய். பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். ‘கெ’யைப் பாருங்கள். சத்தத்தில் க் முதலில், எ பின்னால். எழுத்திலோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. ‘கொ’ என்றால் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் காவல். இதைப் பலகையில் விளக்கி விளக்கி என் தொண்டை வறண்டிருக்கிறது. திரையில் க் வந்து நிற்க, எ ஓடிவந்து மோத, அது கொம்பாக மாறி முன்னால் போய் உட்காருவதைக் கண்ணெதிரே காட்டலாமே! ஆனால் நான் பார்த்த விளையாட்டுகளில் முக்கால்வாசி ஔ, ஃ வந்ததும் கிளியை ஆடவிட்டுக் கடையைக் கட்டிவிடுகின்றன. சாஃப்ட்வேரில் இருக்கிற தம்பிகள் யாராவது இங்கே இருந்தால் அந்தக் கொம்பைக் கொஞ்சம் கவனியுங்கள்.

கெட்டதுக்கு வருவோம். எழுத்தின் மேல் விரலை வைத்து இழுக்கிற விளையாட்டு இருக்கிறதல்லவா, அதில் அ எழுதச் சொல்கிறது. கோடு போடுவதில் அதுதான் கஷ்டமான எழுத்துகளில் ஒன்று, சுழித்து, வளைத்து, நிமிர்த்த வேண்டும். வகுப்பில் நாங்கள் ட, ப, ம என்று பெரும்பாலும் நேர்கோடாக இருக்கிற எழுத்தில் தொடங்கி, ‘படம்’ என்று வாசிக்க வைத்துவிட்டு அப்புறம்தான் வளைவுக்கு வருவோம். விளையாட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. பேரன் கீழேயிருந்து மேலே தேய்த்தான், ஸ்டார் கொடுத்தது. உள்ளங்கையால் மொத்தமாகத் துடைத்தான், அதற்கும் ஸ்டார். நடுவில் கடன் விளம்பரம் ஒன்று வேறு வந்தது. நாலு வயசுப் பிள்ளைக்குக் கடன்! எந்த ஆப் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

2005ல் பிரான்சில் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளில் ஒரு கூட்டத்துக்கு எழுத்தைக் கையால் எழுதவும், இன்னொரு கூட்டத்துக்கு விசைப்பலகையில் தட்டவும் பழக்கினார்கள். அதில் கொஞ்சம் பெரிய பிள்ளைகளைப் பார்த்தால், எழுதிப் பழகினவர்கள்தான் எழுத்தை நன்றாக அடையாளம் கண்டார்கள். விஞ்ஞானி ஐயா தலையாட்டுகிறார். நம்ம ஔவைப் பாட்டி ஒரு வரியில் சொன்னதற்கு அவர்கள் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். கைப்பழக்கம்! நேரக் கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது: இரண்டு வயசுக்குள் உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. சோறு ஊட்டும்போது வைக்கிற போனையும் அந்த ஒரு மணியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பழக்கம் சொல்லிவிட்டேன், நாப்பழக்கம் இருக்கிறதே? டேபோடு தனியாக உட்கார்ந்த பிள்ளை வாயே திறப்பதில்லை. பலூன் பேசுகிறது, இவன் தொடுகிறான். ஒருநாள் பேரனையும் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் மூன்று பேரையும் ஒரே டேபோடு வாசல் திண்ணையில் உட்கார வைத்தேன். அப்பா, என்ன சத்தம்! ‘அது ஊ இல்லடா, உ’, ‘என் முறை’, ‘நீ படத்த பாத்துட்ட, அழுகுணி!’ ஐந்து வயசுப் பெண் ஒருத்தி சட்டாம்பிள்ளை ஆகிவிட்டாள், படத்தைத் தன் உள்ளங்கையால் மூடி மூடி மற்றவர்களைக் கேட்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அதே விளையாட்டு, அதே கிளி. உள் அறையில் ஊமையாக இருந்தது திண்ணைக்கு வந்ததும் பள்ளிக்கூடம் ஆகிவிட்டது.

இப்போது நான் எங்கே வருகிறேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆமாம், திண்ணைக்குத்தான். நூலக விழா என்றாலும் கோயில் கமிட்டி என்றாலும் இந்த டீச்சர் திண்ணையில்தான் வந்து நிற்பாள் என்று கேலி பேசுகிறீர்கள், பேசுங்கள். நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு பர்மாத் தேக்குத் தூணும், கன்னம் வைத்தால் ஜில்லென்று இருக்கிற திண்ணையும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் அதில்தான் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள், ஒருவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். இன்றைக்கு அதே திண்ணைக்குக் கம்பிக் கதவு, அதற்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு வாட்ச்மேன். வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வருகிறார்கள். மீதி நாளெல்லாம் ஆடு படுக்கக்கூட இடமில்லை. பிள்ளைகளோ தகரக் கூரைக்குக் கீழே ஆளுக்கொரு போனோடு.

நான் கேட்பது வீட்டை அல்ல. வளவு வேண்டாம், பட்டாலை வேண்டாம், சாமி அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டோம். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரைக்கும் வெளித்திண்ணை மட்டும். ஒரு தாம்பாளம், ஒரு படி அரிசி, நாலு பிள்ளைக்கு ஒரு டேப், இருபது நிமிஷம். மீதி நேரம் கையும் நாக்கும். துடைத்துக் கழுவிவிட்டுத்தான் போவோம். ஒரு வீட்டு நிலைக்கு மேலே ‘முருகன் துணை’ என்று பழைய ணையில் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து, ‘டீச்சர், இது என்ன, யானையா?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்குப் பதில் எந்த ஆப்பில் இருக்கிறது, சொல்லுங்கள்? இந்தக் கோரிக்கையை எழுதி நூலகர் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். வெளியே போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வெளியூரில் இருக்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்புவேன். வீடு பொதுச் சொத்து, பங்காளிகள் எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்பார்கள், தெரியும். ஒரு மணி நேரத் திண்ணைக்கு எத்தனை பங்காளியை நான் பினாங்கு வரைக்கும் தேட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார், ‘டீச்சர், நேரம்’ என்று. மூன்றாவது விஷயம் ஒன்று இருந்தது, எந்த விளையாட்டைக் கொடுக்கலாம் என்று. பந்தியில் கேளுங்கள், சொல்கிறேன், என் போனில் இரண்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கார அண்ணன் இப்போதுதான் மேடைக்குப் பக்கத்தில் வந்து கம்பிக் கதவுச் சாவியை என் கையில் வைத்தார், ஒரு மாசத்துக்கு மட்டும் என்கிறார். நாளைக்குத் திங்கட்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி, இந்த வீட்டுத் திண்ணை. பிள்ளைகளை அனுப்புங்கள். தாம்பாளம் நான் கொண்டுவருகிறேன், அரிசி அப்பத்தா தருகிறாராம். வெள்ளைப் பணியாரம் ஆறுகிறது, எழுந்திருங்கள்.