கையெழுத்துக்கு முன் அவளைக் கேளுங்கள்

பெருமதிப்பிற்குரிய தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையிலும் நம் அழைப்பை ஏற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கவுண்டி மேற்பார்வையாளர் அவர்களே, ஓய்வுபெற்ற பின்னும் இளம் வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டி வரும் நீதிபதி அம்மையார் அவர்களே, வாரந்தோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களே, கலிஃபோர்னியா மாநிலத்தின் சாண்டா கிளாரா கவுண்டி என்னும் இந்த மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். குடும்பங்களில் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு பொருளுக்குத் தமிழ் மேடையில் இடம் தந்த செயற்குழுவினருக்கும், அதற்காக வாதாடிய மகளிர் அணிப் பொறுப்பாளர் அம்மையாருக்கும் தனியே நன்றி சொல்லாமல் தொடங்குவது முறையாகாது.

பாலியல் குற்ற வழக்குகள் கவுண்டி நீதிமன்றங்களில் எப்படி முடிகின்றன, தண்டனையை எப்படி முடிவு செய்கிறார்கள், தண்டனைக்குப் பின் பாலியல் குற்றவாளிகளின் பெயரைப் பதியும் பதிவேடு என்ன செய்கிறது என்று மூன்று செய்திகளை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். முதல் செய்திதான் என்னைப் பல ஆண்டுகளாக உறங்கவிடாமல் செய்கிறது. ஆகவே அதிலேயே அதிக நேரம் நிற்பேன். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நான் எந்த மேடையிலும் சொல்லும் பழமொழி. இன்றைக்கு அது சட்டத்தின் வாசகமாகவே இருப்பதைக் காட்டப் போகிறேன்.

வழக்கு என்றதும் சாட்சிக் கூண்டும், குறுக்கு விசாரணையும், பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரியும் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மை வேறு. மாநில நீதிமன்றங்களில் நூற்றுக்கு 94 தண்டனைத் தீர்ப்புகள் குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வருபவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2012-ஆம் ஆண்டு ஃபிரை வழக்கில் எழுதியது. அரசுத் தரப்பில் வழக்கு நடத்தக் கவுண்டி மக்கள் தேர்ந்தெடுத்த மாவட்ட வழக்குரைஞரின் அலுவலகமும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் பேசி, சில குற்றச்சாட்டுகளைக் கைவிட்டோ குறைத்தோ ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார்கள். நீதிபதி அதை ஏற்றால் வழக்கு முடிந்துவிடுகிறது. இதை நான் முற்றாகக் குறை சொல்ல மாட்டேன். சாட்சிக் கூண்டில் ஏறி, தனக்கு நேர்ந்ததை அந்நியர் முன் மீண்டும் சொல்லி, பொய்க்காரி என்ற பழியையும் கேட்கும் கொடுமையிலிருந்து பல பெண்களையும் குழந்தைகளையும் காப்பாற்றுவது இந்தப் பேரமே. என் வழக்கெல்லாம் ஒன்றுதான்: அந்த உடன்பாட்டில் கையெழுத்து விழுமுன், பாதிக்கப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் கேட்கவில்லை. சிறுமிகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கிய செல்வந்தர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் மீது கூட்டாட்சி அரசு வழக்குத் தொடர்வதில்லை என்று 2007-இல் ஓர் ஒப்பந்தம் இரகசியமாகக் கையெழுத்தாயிற்று. அதன்படி 2008 ஜூனில் அவர் கவுண்டி நீதிமன்றத்தில் இரண்டு குற்றங்களை மட்டும் ஒப்புக்கொண்டார். விதித்தது பதினெட்டு மாதம். இருந்தது ஏறக்குறைய பதின்மூன்று மாதம். அதிலும் வாரத்தில் ஆறு நாள் வெளியே சென்று அலுவலகத்தில் இருக்க அனுமதி. அந்தச் சிறுமிகளுக்கு ஒப்பந்தம் நடந்ததே தெரியாது. அவர்களிடம் அதை மறைத்தது சட்டமீறல் என்று ஒரு கூட்டாட்சி நீதிபதி சொல்வதற்கு 2019 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது மிச்சிகன் மாநிலத்தின் இங்கம் கவுண்டிக்கு வாருங்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல அவைத்தலைவர் அனுமதிக்க வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளுக்கு மருத்துவராக இருந்த லேரி நாசர், 2017 நவம்பரில் ஏழு குற்றங்களை ஒப்புக்கொண்டார். அதுவும் பேரம்தான். ஆனால் அரசுத் தரப்பு அந்த உடன்பாட்டிலேயே ஒரு நிபந்தனையை எழுதி வைத்தது: குற்றச்சாட்டில் பெயர் இடம்பெறாதவர்கள் உட்பட, அவரால் பாதிக்கப்பட்டதாக முன்வரும் எவரும் தண்டனை விசாரணையில் பேசலாம். நீதிபதி ரோஸ்மேரி அக்விலினாவின் நீதிமன்றத்தில் 2018 ஜனவரியில் நான்கு நாள் என்று குறித்த விசாரணை ஏழு நாள் நீண்டது. ஒருத்தி பேசுவதைக் கேட்டு இன்னொருத்தி துணிந்தாள். பெயர் வெளியிட மாட்டேன் என்றவள் பெயர் சொல்லி எழுந்தாள். வர இயலாதவர்களின் சொற்களை மற்றவர்கள் வாசித்தார்கள். முதலில் பேசியவர் விளையாட்டு வீராங்கனைகூட அல்லர்; நாசர் குடும்பத்தோடு நட்புக் கொண்டிருந்த வீட்டின் மகள், ஆறு வயதிலிருந்து தான் அனுபவித்ததைச் சொன்னார். இடையில் குற்றவாளி நீதிபதிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இவற்றையெல்லாம் உட்கார்ந்து கேட்பது தன் மனநலத்தைக் கெடுக்கும் என்பது முறையீடு. நீதிபதி அதைத் திறந்த மன்றத்திலேயே எடுத்துச் சொல்லி நிராகரித்து, அடுத்தவரைப் பேச அழைத்தார். மொத்தம் 156 பேரின் வாக்குமூலங்கள் முடிந்தபின், உடன்பாடு அனுமதித்த குறைந்தபட்ச ஆண்டுகளின் உச்ச வரம்பான நாற்பதிலிருந்து தொடங்கி, 175 ஆண்டுகள் வரை என்று தண்டனை வந்தது. அந்த நீதிபதியின் கடுஞ்சொற்களைப் பற்றி மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2022-இல் கவலை தெரிவித்தது உண்மை. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனாலும் மேல்முறையீட்டை அது ஏற்கவில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும். அங்கே அழுவதற்கு ஓர் இடத்தை ஒப்பந்தத்திலேயே ஒதுக்கியிருந்தார்கள்.

தண்டனையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் நம் சொந்தக் கவுண்டியே போதும். கலிஃபோர்னியாவில் வன்புணர்வுக்கு மூன்று, ஆறு, எட்டு ஆண்டுகள் என மூன்று படிகளைச் சட்டம் வகுத்திருக்கிறது. எனினும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் நினைவிழந்து கிடந்த பெண்ணைத் தாக்கிய மாணவர் வழக்கில், ஜூரி மூன்று குற்றங்களை உறுதி செய்த பின்னும், அரசுத் தரப்பு ஆறு ஆண்டு கேட்ட பின்னும், 2016-இல் நீதிபதி பெர்ஸ்கி விதித்தது ஆறு மாதக் கவுண்டிச் சிறையும் நன்னடத்தைக் கண்காணிப்பும் மட்டுமே. மூன்றே மாதத்தில் அந்த மாணவர் வெளியே வந்தார். அதே ஆண்டில் இத்தகைய வழக்குகளுக்கான தண்டனைச் சட்டம் கடுமையாயிற்று. 2018 ஜூனில் வாக்காளர்கள் அந்த நீதிபதியைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். இவை எல்லோரும் அறிந்தவை. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை: தண்டனைக்கு முன் நன்னடத்தை அதிகாரி எழுதிய அறிக்கையில் தன் விருப்பம் திரிந்துவிட்டது என்றும், ஒரு கால் மணி நேர உரையாடலை வைத்துத் தன் நிலையை எடை போட்டுவிட்டார்கள் என்றும் அந்தப் பெண்ணே மன்றத்தில் சொன்னார். பதிவேட்டைப் பற்றிப் பேச நேரமில்லை. 2021 முதல் இங்கே அது பத்தாண்டு, இருபதாண்டு, ஆயுள் என மூன்று அடுக்காகியிருக்கிறது என்பதோடு விடுகிறேன்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளைச் சொல்லும் மார்சி சட்டத்தை நம் மாநில மக்கள் 2008-இல் வாக்களித்து அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். விசாரணைக்கு முன் வழக்கை முடிக்கும் எந்த ஏற்பாட்டையும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். குற்ற ஒப்புதலின்போதும் தண்டனையின்போதும் அவர் பேசலாம். உடன்பாட்டைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அந்த உரிமைகளும் அவர் கேட்டுக்கொண்டால் மட்டுமே. அழுத பிள்ளைக்கே பால் என்று சட்டமே எழுதியிருக்கும்போது, மானம் போய்விடும் என்று நம் வீட்டுப் பெண்ணின் வாயைப் பொத்துகிறவர்கள் யாருக்குத் துணை போகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். விசாவை எண்ணி அஞ்சுபவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: குற்றத்துக்கு ஆளாகி விசாரணைக்கு உதவுபவர்களுக்கென்றே யூ விசா என்ற வழி இருக்கிறது, பேசாமல் இருப்பதற்கு முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஆகவே இந்தச் சங்கத்திடம் நான் வேண்டுவது இதுதான். புகார் கொடுத்த முதல் வாரத்திலேயே, 'உடன்பாட்டுக்கு முன் எனக்குத் தெரிவியுங்கள், நான் பேச விரும்புகிறேன்' என்று மாவட்ட வழக்குரைஞர் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்க உதவும் தமிழறிந்த தொண்டர்கள் நமக்கு வேண்டும். ஒவ்வொரு வாய்தாவிலும் அந்தப் பெண்ணின் அருகே அமர இருவர் வேண்டும். மண்டபத்தின் வாயிலருகே மேசையில் மகளிர் அணியினர் தாள் வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு முற்பகலை ஒதுக்கக்கூடியவர்கள் பெயரும் ஊரும் எழுதிக் கொடுங்கள்; பயிற்சி வகுப்பின் நாளை அவர்கள் அறிவிப்பார்கள்.