தம்பிக்குக் கோபம் வரலாமா? வன்னியில் ஒரு 900 பக்க நாவலைச் சொன்னபோது

[திரையில்: தடித்த ஆங்கில நாவல் ஒன்று. குரல் மட்டும்.]

வணக்கம். 1990 ஒக்டோபர் மாதம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் த்ரீ ரிவர்ஸ் என்றொரு கற்பனை நகரம். அங்குள்ள பொது நூலகத்துக்குள் தோமஸ் என்ற நாற்பது வயதுக்காரர் போகிறார். வளர்ப்புத் தந்தை வைத்திருந்த கூர்க்கா கத்தியை எடுத்துத் தன் வலது கையைத் தானே வெட்டிக்கொள்கிறார். வளைகுடாவில் போர் வரப்போகிறது, இந்தக் கையைக் கடவுளுக்குப் பலி கொடுத்தால் போர் நின்றுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

வொலி லாம்ப் எழுதி 1998இல் வெளிவந்த 'ஐ நோ திஸ் மச் இஸ் ட்ரூ' என்ற நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. ஏறக்குறைய 900 பக்கம். ஓப்ரா வின்ஃப்ரே தன் புத்தகக் கழகத்துக்குத் தெரிவு செய்த பிறகு மிகப் பரவலாக வாசிக்கப்பட்டது. 2020இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. மார்க் ரஃபலோ இரட்டையர் இருவராகவும் நடித்திருந்தார்.

ஆம், இரட்டையர். தோமஸுக்கு மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரீனியா. அவருடன் ஒரே சூலில் பிறந்த டொமினிக்குக்கு அது இல்லை. கதை முழுவதையும் சொல்பவர் டொமினிக்தான். தோமஸ் பிறந்தது 1949 டிசம்பர் 31. டொமினிக் பிறந்தது நள்ளிரவு தாண்டி, 1950 ஜனவரி 1. எங்கள் கணக்கில் தோமஸ் அண்ணன், டொமினிக் தம்பி.

இந்தக் கதையைக் கிளிநொச்சிப் பக்கத்து ஊரொன்றின் வாசிகசாலையில், ஞாயிறு பின்னேரங்களில், தமிழில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கேட்க வந்தவர்களில் பலருடைய வீட்டில் இந்த வருத்தம் இருக்கிறது. அவர்கள் கதையை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் இந்த வீடியோவில் பேசப்போகிறேன். முடிவு வரை கதை வெளியே வரும். வாசிக்க நினைத்திருப்பவர்கள் வாசித்துவிட்டு வாருங்கள்.

[திரையில்: வாசிகசாலைத் திண்ணை, பிளாஸ்ரிக் கதிரைகள்.]

முதல் நாளே வாக்குவாதம். வெட்டிய கையைத் திரும்பப் பொருத்தலாம் என்கிறார்கள் சத்திரசிகிச்சை நிபுணர்கள். தோமஸ் வேண்டாம் என்று கத்துகிறார். முடிவு தம்பியின் தலையில் விழுகிறது. டொமினிக் அண்ணனின் சொல்லை ஏற்று, பொருத்த வேண்டாம் என்கிறார்.

திண்ணையில் இருந்த ஒருவருக்கு 2009இல் ஷெல் விழுந்து முழங்காலுக்குக் கீழே இல்லை. அவர் பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ரை காலை ஆரும் திரும்ப வைச்சுத் தருவினமோ எண்டு எத்தினை நாள் கிடந்து அழுதிருப்பன். இவனுக்கு வைக்கலாம் எண்டு டொக்டரே சொல்லுறார். தம்பி எண்டு ஒருத்தன் நிண்டுகொண்டு வேண்டாம் எண்டுறான். இதென்ன தம்பி?" என்றார். சொல்லி முடிக்கும்போது அவருடைய கை, பக்கத்தில் கிடந்த அந்தக் காலின் பட்டியைப் பிடித்திருந்தது.

பதில் சொன்னவர் நடுவயதுப் பெண். அவருடைய அண்ணன் இருபது வயதிலிருந்து மருந்தில் இருக்கிறார். "அண்ணை, கை போனது ஒரு நாளிலை. அந்த மனுசன் சொன்ன சொல்லை ஒருத்தரும் கேக்காமல் விட்டது இருவது வருசம். ஒருக்காலாவது கேட்டானே எண்டு எனக்குச் சந்தோசம்."

இரண்டு பேரும் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். மருத்துவ ரீதியாகப் பார்த்தால், ஒருவர் நோயின் உச்சத்தில் மறுக்கும்போது, தான் எதை மறுக்கிறோம் என்பதை அவரால் விளங்கிக்கொள்ள முடிகிறதா என்று வைத்தியர்கள் பார்க்க வேண்டும். கையைக் கடவுள் கேட்டார் என்று நம்புகிறவரின் மறுப்பை அப்படியே எடுத்துக்கொள்வது கடினம். நாவலாசிரியரும் டொமினிக்குக்கு நற்சான்றிதழ் கொடுக்கவில்லை. அந்த முடிவின் பாரத்தை நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குச் சுமக்க விடுகிறார். அண்ணன் உச்சப் பாதுகாப்புள்ள மனநோய்ச் சிறை போன்ற இடத்துக்கு அனுப்பப்படுகிறார். தம்பி அவரை வெளியே எடுக்க அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். அந்த அலைச்சல் பகுதியை எங்கள் ஆட்களுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. தடுத்து வைக்கப்பட்ட ஒருவரைத் தேடி வாசல் வாசலாக நிற்பது என்றால் என்னவென்று வன்னியில் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோமஸ் செய்தது மிக மிக அரிது. மனச்சிதைவு உள்ள பெரும்பாலானவர்கள் கத்தி எடுப்பதில்லை. ஒதுங்கிப் போவார்கள், குளிக்க மாட்டார்கள், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுவார்கள், காதில் குரல் கேட்கும், அதோடு கதைப்பார்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போன ஒரு பெடியன், பக்கத்து வீட்டு அக்காவைக் கண்டால் இப்போது பயம் என்றான். அடுத்த கிழமை வா, மிச்சத்தைக் கேள் என்று கூப்பிட்டேன். வந்தான்.

[திரையில்: பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றின் பக்கங்கள்.]

நாவலின் நடுவில் சிசிலியிலிருந்து வந்த தாத்தாவின் வாழ்க்கைக் குறிப்பு வருகிறது. தலைக்கனம் பிடித்த, வீட்டுப் பெண்களை வதைத்த மனிதர். வாசிக்கும்போது எனக்கே அலுத்தது. வாசிகசாலையில் நேர்மாறு. எல்லோரும் நிமிர்ந்து இருந்தார்கள். "அந்தக் கிழவன் செய்த பாவம்தான் பேரனிலை விடிஞ்சிருக்கு" என்றார் ஒரு அம்மா. பலர் தலையாட்டினார்கள்.

டொமினிக்கும் அதைத்தான் தேடுகிறார். எங்கள் வம்சத்தில் என்ன இருக்கிறது, அண்ணனுக்கு வந்தது எனக்கும் வருமா? இரட்டையர் கதை என்பதால் இதற்கு விஞ்ஞானம் நேரடியாகப் பதில் சொல்கிறது. மரபணு முழுக்க ஒன்றாக உள்ள இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால், மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான சந்தர்ப்பங்களில்தான். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 100க்கு 10. பரம்பரைக்குப் பங்கு உண்டு, அது மட்டுமே தீர்மானிப்பதில்லை.

இதைச் சொன்ன இடத்தில் ஒரு தகப்பன் இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொன்னார். அவருடைய மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம், மகனுடைய வருத்தம் தெரிந்ததும் குழம்பிப்போனது. எங்கள் ஊர்களில் கிளினிக் கொப்பியை ஒளித்து வைப்பதற்குப் பெரிய காரணம் இந்தக் கலியாணப் பேச்சுத்தான். சாதகத்தில் பொருத்தம் பார்க்கிறவர்களுக்கு இந்த எண்களையும் சொல்லுங்கள்.

[திரையில்: கரும்பலகை. 58, 16 என்ற இரு எண்கள்.]

சரி, இப்போது கோபத்துக்கு வருவோம். இந்த நாவலைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கும் முக்கிய விடயம் இதுதான்.

டொமினிக் நல்ல தம்பி. ஆனால் அவருக்கு அண்ணன் மீது அடங்காத கோபம். சின்ன வயதில் அண்ணன் அடி வாங்கும்போது தான் தப்பிய குற்றவுணர்வு, பல்கலைக்கழகத்தில் அண்ணன் முதன்முதலாகக் குழம்பியபோது பட்ட வெட்கம், என் வாழ்க்கையே இவனால் போய்விட்டது என்ற எரிச்சல். எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறார். வெளியூர் வாசகராக இருந்தால் 'இந்த ஆள் எப்போது பார்த்தாலும் சினக்கிறாரே' என்று புத்தகத்தை மூடலாம். வாசிகசாலையில் இந்தப் பகுதி வந்தபோதுதான் ஆட்கள் தங்கள் வீட்டுக் கதையைத் திறந்தார்கள். "நான் அடிச்சனான்" என்றார் ஒருவர். தம்பி மருந்தைத் துப்பியபோது கன்னத்தில் அறைந்ததைச் சொன்னார். யாரும் அவரை ஏசவில்லை.

மனநலக் கருத்தரங்குகளில் பராமரிப்பவர்களுக்குக் கிடைப்பது ஒரே புத்திமதி: பொறுமையாக இருங்கள். அந்தப் பொறுமை எங்கிருந்து வரும் என்று ஒருவரும் சொல்வதில்லை. 900 பக்கம் ஏன் வேண்டும் என்று கேட்டால், என் பதில் இது: கோபப்படுகிற ஒருவரை, அவருடைய அன்பு தெரிகிற அளவுக்கு, பக்கத்தில் வைத்திருக்க அவ்வளவு பக்கம் வேண்டும்.

அதற்காகக் கோபத்தை அப்படியே விட்டுவிடவும் முடியாது. இலண்டனில் ஜோர்ஜ் பிரௌன் என்ற சமூகவியலாளரும் அவருடன் வேலை செய்த மனநல மருத்துவர்களும், மனச்சிதைவுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1972இல் வெளிவந்த ஆய்வு அது. குறைசொல்லல், பகை, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைத்தல் இவை அதிகமாக இருந்த வீடுகளுக்குப் போனவர்களில் 100க்கு 58 பேருக்கு 9 மாதங்களுக்குள் நோய் திரும்பியது. அவை குறைவாக இருந்த வீடுகளில் 16 பேருக்கு. குடும்பம் நோயை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருளில்லை. வீட்டுச் சூடு கூடினால், ஆறிவரும் புண் திரும்ப வெடிக்கிறது.

டொமினிக்கின் வீட்டில் மூன்றும் இருந்தன. ரே என்ற வளர்ப்புத் தந்தையிடம் பகையும் குறைசொல்லலும். தாயிடம் பொத்தி வைத்தல். ரேயை எல்லோரும் திட்டினார்கள். தாயின் பொத்தி வைத்தலும் அந்தப் பட்டியலில் வருகிறது என்று நான் சொன்னபோது அம்மாமாருக்கு என்மேல் கோபம். "பிள்ளைக்குச் சோறு தீத்துறது குற்றமோ?" இல்லை அம்மா, குற்றமில்லை. ஆனால் முப்பது வயது மகனுக்குத் தானே கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குளிக்க ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம்.

பின்னர் வந்த ஆய்வொன்று இன்னொன்றையும் காட்டியது. அப்படிச் சூடான வீட்டில், நோயாளியும் உறவினரும் முகத்துக்கு முகம் இருக்கும் நேரம் கிழமைக்கு 35 மணித்தியாலத்துக்குக் குறைந்தால், திரும்ப வருத்தம் வருவதும் குறைகிறது. இதற்கு வந்த எதிர்வினைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டிய ஒரு பெண் கேட்டார்: "550 சதுர அடி வீட்டிலை எங்கை தம்பி விலத்தி இருக்கிறது?"

பிறகு எல்லோருமாக இருந்து வழி தேடினார்கள். ஒருவருடைய அண்ணன் காலையில் சைக்கிள் கடையில் ஒட்டுப்போடப் போகத் தொடங்கினார். இன்னொரு வீட்டில் முற்றத்து வேம்புக்குக் கீழே தனியாக ஒரு கொட்டில் போட்டார்கள். ஒரு தங்கச்சி பின்னேரங்களில் தையல் வகுப்புக்குப் போகிறார். அவர் வெளியே போவதும் அண்ணனுக்கு மருந்துதான்.

போர் பற்றியும் பேச்சு வந்தது. "எங்கடை சனத்துக்கு இது சண்டையாலை வந்தது" என்பார்கள். இழப்பு, பயம், நித்திரையின்மை, காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக 2017இலிருந்து வீதியில் இருக்கிற தாய்மாரின் துயரம், இவற்றுக்குப் போர் காரணம். வன்னி மக்களுடைய கூட்டு மனவடு பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் மனச்சிதைவு போர் தொடாத நாடுகளிலும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகில் ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர். எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுதிவிட்டால், மருந்தால் குறையக்கூடிய வருத்தமும் மருந்தில்லாமல் கிடக்கும்.

[திரையில்: ஆஸ்பத்திரி வாசல் வாங்கு. சொப்பிங் பைக்குள் ஒரு கொப்பி.]

கடைசி ஞாயிறு. தாய் சாகும்போது அண்ணனைப் பார்த்துக்கொள் என்று டொமினிக்கிடம் கேட்டுவிட்டுத்தான் சாகிறார். அண்ணன் ஒருவழியாக விடுவிக்கப்படுகிறார். அதன்பின் கொஞ்ச நாளில் நீரில் மூழ்கி இறக்கிறார்.

ஒரு வயதான அம்மா சொன்னார்: "கடவுள் நல்லது செய்திட்டார்." சிலர் சீறினார்கள். அவர் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார். "எனக்கு ஒரு நாள் முன்னம் என்ரை பிள்ளை போயிடவேணும் எண்டு நான் வற்றாப்பளை அம்மனிட்டை நேர்ந்திருக்கிறன். எனக்குப் பிறகு ஆர் பாக்கிறது?"

அந்த அம்மாவைக் கல் நெஞ்சுக்காரி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவர் கேட்டது கேள்வி, அதற்குப் பதில் வேண்டும். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

மருந்தின் பெயர், அளவு, கிளினிக் நாள், வருத்தம் கூடும் முன் தெரியும் அறிகுறிகள், இவை தாய்க்கு மட்டும் தெரிந்திருக்கக் கூடாது. அடுத்த தரம் கிளிநொச்சிக்கோ, முல்லைத்தீவில் மாஞ்சோலைக்கோ, வவுனியாவுக்கோ கிளினிக் போகும்போது இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தங்கச்சியோ, மருமகனோ, பக்கத்து வீட்டவரோ யாரென்றாலும் பரவாயில்லை. டொக்டருக்கு அவருடைய முகமும் தெரியட்டும். குளிசையைத் துப்புகிறவராக இருந்தால் மாத ஊசி பொருந்துமா என்று கேளுங்கள். கைநடுக்கம், விறைப்பு இருந்தால் மருந்தை நிறுத்தாமல் அதையும் சொல்லுங்கள், அதற்கும் மருந்து உண்டு. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு அவர் தகுதியானவரா என்று விசாரியுங்கள்.

நடுச்சாமத்தில் நிலைமை கை மீறினால், அல்லது உயிரை மாய்க்கிற பேச்சு வந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. தமிழிலும் கதைக்கலாம். பராமரிக்கிற நீங்களே கதைக்க வேண்டும் போலிருந்தாலும் அதே இலக்கம்தான்.