வாக்குத்தத்த அட்டையும் எரேமியாவின் பத்து நாளும்

நேயர்களுக்கு அன்பின் வணக்கம். வேதாகமம் எட்டும் தூரத்தில் இருந்தால் எரேமியா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு பெரும்பாலும் அதற்குள்ளேயேதான்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பல சபைகளில் ஒரு தட்டு சுற்றி வரும். அதில் கவிழ்த்து வைத்த சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். ஆளுக்கொன்று எடுப்பார்கள். அதுதான் அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம். மறுநாள் அது பீரோ கதவில் ஒட்டியிருக்கும். எரேமியா 29:11 கிடைத்தவருக்குச் சந்தோஷம் தாங்காது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று கர்த்தர் சொல்லுகிறார். மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருப்பவர் என்றால், இந்தத் தையிலேயே கல்யாணம் என்று மனசுக்குள் நாள் குறித்துவிடுவார்.

அட்டை எடுப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவிய சகோதரர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் 1728-இல் நாளுக்கொரு வசனம் என்று தொடங்கி, 1731 முதல் அதைப் புத்தகமாகவே அச்சிட்டு வருகிறார்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய ஏற்பாட்டு வசனத்தைத்தான் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். அதோடு வரும் புதிய ஏற்பாட்டு வசனத்தை, முதல் வசனத்தை வாசித்துப் பொருள் பார்த்து, ஓர் ஆள் தேர்ந்தெடுக்கிறார். சீட்டுக்குப் பக்கத்தில் வாசிப்புக்கும் ஓர் இடம் போட்டிருக்கிறார்கள். நம் தட்டில் சீட்டு மட்டும் மிஞ்சிவிட்டது.

அந்த 11-ஆம் வசனத்துக்கு ஒரு வசனம் மேலே போய்ப் பாருங்கள். "பாபிலோனிலே எழுபது வருஷம் நிறைவேறினபின்பு" என்று இருக்கிறது. அந்த அதிகாரமே ஒரு கடிதம். கி.மு. 597-இல் யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதி அனுப்பியது. 5-ஆம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறார். 6-ஆம் வசனத்தில் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறார். சீக்கிரம் ஊர் திரும்புகிறவனிடம் யாரும் தோட்டம் போடச் சொல்லமாட்டார்கள். கடிதம் வந்த அன்று நாற்பது வயதில் இருந்த ஒருவர், அந்த "முடிவை"த் தம் கண்ணால் பார்த்திருக்க வழியில்லை. பேரப்பிள்ளைகளுக்குத்தான் அது கிடைக்கும்.

தமிழில் வாசிக்கிற நமக்கு இன்னொரு வசதி இருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் தேவன் தனி ஆளிடம் பேசினால் "நீ" என்றுதான் பேசுவார். மோசேயானாலும் சரி, தாவீதானாலும் சரி, மரியாதைக்காக "நீங்கள்" போடுவதில்லை. ஆகவே "உங்கள்பேரில்" என்று கண்டால் அது கூட்டத்துக்குச் சொன்னது என்று உடனே பிடித்துக்கொள்ளலாம். 29:11 ஒரு ஜனக்கூட்டத்துக்கு வந்த வார்த்தை. அதனால் உங்களுக்கு அதில் பங்கில்லை என்று ஆகாது. அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து, அவர்கள் காத்திருந்த மாதிரி காத்திருக்கிற பங்கு உங்களுக்கும் உண்டு. தைக்குள் கல்யாணம் என்பது மட்டும் அதில் இல்லை.

இப்படி ஒரே வசனத்தைப் பிய்த்தெடுக்க எண்கள் ரொம்பவே உதவி செய்கின்றன. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கிற வசன எண்களை ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சுக்காரர் 1551-இல்தான் போட்டார். பவுலின் கடிதத்தைச் சபையில் வாசித்துக் கேட்ட முதல் தலைமுறைக்கு எண்ணும் கிடையாது, அட்டையும் கிடையாது. கடிதம் முழுக்கக் காதில் விழுந்தது.

சரி, அனுபவத்துக்கு வருவோம். "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று ஒருவர் சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? எரேமியா 28-இல் இரண்டு பேர் அதையே சொல்கிறார்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி எழுந்து, இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள், கர்த்தர் சொல்லுகிறார் என்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். எழுபது வருஷம் என்று சொன்னவருக்கு எதிரே, ஆலயத்தில், ஜனங்கள் பார்க்க. எரேமியா என்ன செய்தார்? முதலில், "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். பிறகு, சமாதானம் சொல்லுகிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவனைக் கர்த்தர் அனுப்பினார் என்று விளங்கும் என்று நினைவூட்டினார். அனனியா நுகத்தை உடைத்தபின் எரேமியா தம் வழியே போய்விட்டார். பதில் வார்த்தை அவருக்கு வந்தது அதற்கப்புறம்தான். மேடையில் உடனுக்குடன் பதிலடி கொடுக்கிற தீர்க்கதரிசிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சப்பென்று இருக்கும்.

32-ஆம் அதிகாரம் இன்னும் நெருக்கமான இடம். பாபிலோன் படை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார். உன் தகப்பனுடைய சகோதரன் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கச் சொல்லுவான் என்று அவருக்கு வார்த்தை உண்டாகிறது. அனாமெயேல் வந்து அப்படியே கேட்கிறான். 8-ஆம் வசனத்தின் கடைசி வரியை நிதானமாகப் படியுங்கள்: "அப்பொழுது அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்." அப்பொழுதுதான்! எத்தனையோ வருஷம் தீர்க்கதரிசியாக இருந்தவருக்கே, ஆள் வந்து நின்ற பிறகுதான் அது உறுதியாகிறது.

அடுத்து நடப்பது முழுக்கப் பத்திரப் பதிவு. பதினேழு சேக்கல் வெள்ளி, ஏறக்குறைய 200 கிராம், தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, சாட்சிகளை வைத்து, முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று என இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். தேவனோடு நேரடிப் பேச்சு இருந்தவர் எழுத்தையும் சாட்சியையும் விடவில்லை.

நாமும் அவ்வளவாவது செய்யலாம். ஒரு கனவோ, ஜெபத்தில் ஓர் உணர்த்துதலோ வந்தால், தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். எழுதும்போது மூன்றைக் கலக்காமல் பிரித்துப் போடுங்கள்: கண்டது என்ன, அதற்கு நான் நினைக்கிற பொருள் என்ன, அதனால் செய்யப்போவது என்ன. "கப்பல் ஒன்று கண்டேன்" என்பது முதலாவது. "வெளிநாட்டு வேலை" என்பது இரண்டாவது. "நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டுகிறேன்" என்பது மூன்றாவது. முதலாவது நிஜமாகவே தேவனிடமிருந்து வந்திருக்கலாம். கோளாறு பெரும்பாலும் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிற இடத்தில்தான். பிறகு 1 கொரிந்தியர் 14:29-இன்படி, "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்." அந்த மற்றவர்கள் உங்கள் முடிவால் லாபம் அடையாதவர்களாக இருக்கட்டும். மாத்திரையை நிறுத்து என்று ஒரு "வார்த்தை" வந்தால் 2 இராஜாக்கள் 20-ஐ எடுங்கள். வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டித் தரப்பட்டது. அப்படியும் ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார்.

வசனத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு அனுபவத்தைப் பரிகசிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளை நட்சத்திரம் எருசலேம்வரை கொண்டுவந்தது. பெத்லகேம் என்ற ஊர்ப்பெயர் மீகாவின் புத்தகத்திலிருந்து கிடைத்தது. அதை எடுத்துச் சொன்ன வேதபாரகர் யாரும், மத்தேயு சொல்லுகிறபடி பார்த்தால், கூடப் புறப்படவில்லை. தூரம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. "என்னிடத்தில் வர உங்களுக்கு மனதில்லை" என்று யோவான் 5:40-இல் இயேசு சொன்னது, வேதவாக்கியங்களைத் துருவிப் படித்தவர்களிடம்தான். அதேசமயம், இயேசு ஒளிமயமாய் மாறின மறுரூபமலையில் நின்று தேவ சத்தத்தைக் காதாரக் கேட்ட பேதுரு தம் இரண்டாம் நிருபத்தில், "அதிக உறுதியான தீர்க்கதரிசன வசனமும் நமக்கு உண்டு" என்கிறார். மலையில் கண்டதை அவர் மறைக்கவும் இல்லை, அதையே பிடித்துத் தொங்கவும் இல்லை.

கடைசியாக எரேமியா 42. எருசலேம் விழுந்தாயிற்று. பாபிலோன் ராஜா தேசத்துக்கு அதிகாரியாக வைத்த கெதலியாவைக் கொன்றுவிட்டார்கள். மிஞ்சினவர்கள் எரேமியாவிடம் வந்து, நாங்கள் நடக்கவேண்டிய வழியைக் கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்கிறார்கள். பாபிலோன் படை எந்த நாளும் வரலாம் என்ற பயம் அவர்களுக்கு. எரேமியா பத்து நாள் எடுத்துக்கொண்டார். பத்து நாள் சென்றபின்புதான் வார்த்தை வந்தது: இந்த தேசத்திலேயே இருங்கள், எகிப்துக்குப் போகவேண்டாம். அதற்கு அவர்கள் சொன்ன பதில், "நீ பொய் சொல்லுகிறாய்."

ஏன் அப்படி என்பதற்கு முந்தின அதிகாரத்தின் 17-ஆம் வசனத்தைப் பாருங்கள். எகிப்துக்குப் போகவென்று மூட்டை கட்டிப் புறப்பட்டு, பெத்லகேமுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே வந்து தங்கியிருந்தார்கள். எந்த வழி என்று கேட்டது அங்கே நின்றுகொண்டுதான்.