விடை சொல்லாமல் இருக்கப் படிப்பது

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் லண்டனில் இருக்கும் நம் தாய்மார் பலருக்கு ஒரு யோசனை வரும்: டி.ஏ., அதாவது வகுப்பில் ஆசிரியருக்கு உதவியாக இருக்கும் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலைக்கு, ஒரு கோர்ஸ் செய்தால் என்ன? வேலை நேரம் பிள்ளைகளின் நேரத்தோடு ஒத்துப்போகும். விடுமுறையும் சேர்ந்தே வரும். பாடசாலையும் பக்கத்தில் இருக்கும். இந்தக் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை.

நிகழ்ச்சிக்கு அழைத்தவர்கள், என்ன கோர்ஸ், எவ்வளவு செலவு, எங்கே படிக்கலாம் என்று சொன்னால் போதும் என்றார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் சில காலம் வகுப்பறையில் டீச்சிங் அசிஸ்டன்டாக இருந்து, இப்போது ஒரு கொலிஜில் இதே கோர்ஸுக்கு மதிப்பீட்டாளராக இருப்பவள் என்ற வகையில், அந்தக் கோர்ஸுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் எனக்குக் கதைக்க நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். இங்கிலாந்தில் டி.ஏ. ஆவதற்கு இன்ன சான்றிதழ் கட்டாயம் என்று சட்டம் எதுவும் இல்லை. யாரை எடுப்பது என்பது தலைமை ஆசிரியரின் முடிவு. ஆனாலும் விளம்பரங்களைப் பார்த்தால் லெவல் 2 அல்லது அதற்கு அடுத்த படியான லெவல் 3 சான்றிதழ், அதோடு ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜி.சி.எஸ்.ஈ. என்ற, இங்கே பிள்ளைகள் 16 வயதில் எழுதும் பரீட்சையில் தரம் 4 அல்லது அதற்குச் சமமானது என்று கேட்டிருப்பார்கள். இலங்கையிலோ இந்தியாவிலோ எடுத்த சான்றிதழ்கள் இருந்தால் அவை இங்கே எதற்குச் சமம் என்று சொல்லும் ஈனிக் என்ற அமைப்பிடம் ஒப்பீட்டுக் கடிதம் வாங்கலாம். ஊரில் பட்டம் முடித்தவர்கள்கூட ஆங்கிலம், கணக்கு இரண்டுக்கும் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற நடைமுறைத் திறன் பரீட்சையை லெவல் 2-இல் எழுதிவிடுவது நல்லது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பாடசாலைக்காரருக்கு அந்தத் தாள் பழகிய தாள், அவ்வளவுதான்.

இந்த வேலை இவ்வளவு பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. 2003 ஜனவரியில் அரசும் பெரும்பாலான ஆசிரியர் சங்கங்களும் வேலைப்பளுவைக் குறைக்க ஓர் ஒப்பந்தம் செய்தன. ஆசிரியர்கள் செய்துவந்த ஒளிநகல் எடுப்பது, சுவரில் படம் ஒட்டுவது போன்ற வேலைகள் உதவியாளர்களின் கைக்கு வந்தன. 2005 செப்டெம்பரிலிருந்து ஆசிரியருக்குப் பாடம் தயாரிக்கவும் திருத்தவும் கற்பித்தல் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அந்த நேரத்தில் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் அல்லவா? இன்று இங்கிலாந்தில் முழுநேரக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் 2 இலட்சத்து 80 ஆயிரம் அளவில் டி.ஏ.க்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் 2009-இல் ஒரு குண்டு விழுந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தின் கல்வி நிறுவன ஆய்வாளர்கள், பீற்றர் பிளாட்ச்ஃபோர்டின் தலைமையில், பல வருடங்கள் பாடசாலைகளில் இருந்து பார்த்து ஒரு முடிவைச் சொன்னார்கள். டி.ஏ.யின் உதவி அதிகம் கிடைத்த பிள்ளைகள், அவர்களைப் போன்ற, ஆனால் குறைவான உதவி கிடைத்த பிள்ளைகளைவிடக் குறைவாகத்தான் முன்னேறியிருந்தார்கள். பத்திரிகைகள் இதை டி.ஏ. என்பதே வீண் செலவு என்று எழுதின. ஆய்வாளர்கள் சொன்னது அதுவல்ல. குற்றம் டி.ஏ.யின் மேல் இல்லை, அவர்களை வைத்திருந்த விதத்தில் என்றார்கள். ஆசிரியரோடு கதைத்துத் திட்டமிட அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. மிகவும் பின்தங்கிய பிள்ளைகளை அவர்களிடமே விட்டதால், அந்தப் பிள்ளைகள் ஆசிரியரிடமிருந்து தூரமானார்கள். இதோடு, பாடம் விளங்கியதா என்பதைவிட வேலை முடிந்ததா என்பதிலேயே டி.ஏ.க்களின் கவனம் இருந்தது.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். பிள்ளை தடுமாறினால் நமக்குப் பொறுக்காது. வெற்றுத்தாளைப் பார்த்தால் கை பரபரக்கும். டியூஷனில் வளர்ந்த நமக்கு உதவி என்றால் விடையைச் சொல்லிக்கொடுப்பது. கோர்ஸில் முதலில் உடைபடுவது இந்தப் பழக்கம்.

அந்த ஆய்வுக்குப் பிறகு டி.ஏ.க்களுக்கென்று உருவாக்கிய ஒரு முறையைப் பல இடங்களில் இப்போது சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் ஐந்து படிகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 52-இலிருந்து 27-ஐக் கழிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். முதல் படி, பேசாமல் இருப்பது. பார்த்துக்கொண்டே காத்திருப்பது. பிள்ளை தானாகத் தொடங்குகிறதா என்று பார்ப்பது. தொடங்கவில்லையா, இரண்டாவது படியாக, "முதலில் என்ன செய்யலாம்?", "போன கிழமை இப்படி ஒரு கணக்கு வந்தபோது எது உதவியது?" என்று எந்தத் தகவலும் கொடுக்காமல் கேட்பது. மூன்றாவது, ஒரு சின்னக் குறிப்பு: "ஒன்றுகளின் பக்கத்தைப் பார். 2-இலிருந்து 7-ஐ எடுக்கலாமா?" அதுவும் போதவில்லை என்றால் நான்காவது: வேறொரு கணக்கை, 63-இலிருந்து 38 என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் மனதில் நினைப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்து காட்டுகிறீர்கள். பிறகு பிள்ளை தன் கணக்கைத் தானே செய்ய வேண்டும். விடையைச் சொல்லித் திருத்துவது ஐந்தாவது, கடைசி. நம்மில் பலர் அந்தக் கடைசிப் படியிலிருந்துதான் தொடங்குகிறோம்.

மதிப்பீட்டுக்காக வகுப்பின் மூலையில் நான் உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பது இந்த முதல் படியைத்தான். பத்து விநாடி பேசாமல் இருக்க முடிகிறதா? சொல்லக் கேட்டால் இலேசாக இருக்கும். ஒருமுறை செய்து பாருங்கள், எவ்வளவு நீண்ட நேரம் என்று விளங்கும்.

நமக்குக் கை கொடுக்கிற இடமும் ஒன்று இருக்கிறது. இங்கே வாசிப்பு ஃபோனிக்ஸ் முறையில், எழுத்தின் பெயரை விட்டு ஒலியை வைத்துத் தொடங்குகிறது. முதலாம் வகுப்பு முடிவில் அதற்கென ஒரு பரிசோதனை, 2012 முதல் நடக்கிறது. ஒலியைச் சொல்லும்போது பின்னால் ஓர் உயிரொலி ஒட்டக்கூடாது என்பது பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும். ஆங்கிலத்திலேயே வளர்ந்த டி.ஏ.க்கள் பலர் 'ம்' என்ற ஒலியை 'ம' போல இழுத்துவிடுவார்கள். புள்ளி வைத்த மெய்யெழுத்தைச் சின்ன வயதிலேயே படித்த நமக்கு இது ஒரு பாடமே இல்லை. வாய்ப்பாட்டிலும் அப்படித்தான். நான்காம் வகுப்பில் 12 வரைக்குமான பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு 25 கேள்விகள், கேள்விக்கு 6 விநாடி. 16-ஆம் வாய்ப்பாடு வரை ஒப்புவித்தவர்களைப் பயமுறுத்த இது போதாது.

ஆனால் கணக்கைச் செய்யும் வழி மாறியிருக்கிறது. பத்தைக் 'கடன் வாங்குவது' என்று நாம் சொன்னதை இங்கே 'மாற்றிக்கொள்வது' என்கிறார்கள். ஒரு பத்தை எடுத்துப் பத்து ஒன்றுகளாக மாற்றுகிறோம் என்பதைக் கட்டைகளை வைத்துக் காட்டுவார்கள். ஆசிரியர் ஒரு வழி, நீங்கள் ஊரில் படித்த வழி என்று இரண்டு வந்தால் பிள்ளை குழம்பிவிடும். ஆசிரியரின் வழியைப் படித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைப் பாதுகாப்பு என்ற பகுதி எல்லோருக்கும் வரும். விதிகள் தெளிவானவை. ஒரு பிள்ளை வந்து, "யாரிடமும் சொல்லமாட்டீர்கள்தானே, மிஸ்?" என்று கேட்டால், சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. நீங்களாகத் துருவி விசாரிக்கவும் கூடாது. கேட்டதைப் பிள்ளையின் சொற்களிலேயே எழுதி, அதற்குப் பொறுப்பான அலுவலரிடம் அன்றே கொடுக்க வேண்டும். நம்மவர்களுக்குச் சிக்கல் வேறு விதமாக வரும். ஈஸ்ட்ஹாமிலோ ஹரோவிலோ நீங்கள் வேலை செய்யும் பாடசாலையின் பிள்ளைகளை வெள்ளிக்கிழமை கோவிலிலும் சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலையிலும் பார்ப்பீர்கள். காய்கறிக் கடையில் ஒரு தாய் பிடித்துக்கொள்வார்: "அக்கா, என்ர பிள்ளை எப்படிப் படிக்கிறான்? பக்கத்தில இருக்கிற பிள்ளை அடிக்கிறதாமே?" அந்த இடத்தில், "ரீச்சரோடு ஒரு நேரம் எடுத்துக் கதையுங்கோ" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். அக்காவுக்குப் பெருமை வந்துவிட்டது என்று பின்னால் கதை வரும். வரட்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது சிறப்புத் தேவை உள்ள ஒரு பிள்ளையோடு இருக்கும் வேலை. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அப்படிப்பட்ட பிள்ளைகளில் அதிக உதவி தேவைப்படுபவர்களுக்கு ஒரு தனித் திட்டம் எழுதப்படும். என்ன உதவி தர வேண்டும் என்று அதில் இருக்கும். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு 'இப்போது, அடுத்து' என்று இரண்டு படங்கள் வைத்த அட்டையும், பேச்சோடு சேர்த்துக் கையால் காட்டும் மக்கட்டன் சைகைகளும் எவ்வளவு உதவும் என்பதைக் கோர்ஸில் பார்ப்பீர்கள். நம் சமூகத்தில் இன்னமும் மூடிமறைக்கிற விஷயம் இது. இந்த வேலைக்குப் போன பிறகுதான் தங்கள் சொந்தக்காரப் பிள்ளையைப் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

பரீட்சை இல்லை என்று சந்தோஷப்படுவார்கள். பரீட்சை இல்லைத்தான், ஆனால் எழுத்துவேலை உண்டு. உங்கள் வேலையைப் பற்றி நீங்களே எழுதும் குறிப்புகள், மதிப்பீட்டாளர் வந்து பார்த்தது, ஆசிரியர் தரும் சாட்சிக் குறிப்பு எல்லாம் சேர்ந்து ஒரு கோப்பாகும். நம்மவர்கள் இதில் "ஒரு டி.ஏ. பொறுமையாக இருக்க வேண்டும்" என்று கட்டுரை எழுதிக் கொடுப்பார்கள். திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை வாசிப்புக் குழுவில் நீங்கள் என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், அடுத்தமுறை எதை மாற்றுவீர்கள், இவ்வளவுதான் கேட்கிறோம்.

காசு விஷயத்துக்கு வருவோம். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு லண்டனில் இந்தப் படிப்பு பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். வதிவிட நிபந்தனைகள் உண்டு, கொலிஜில் கேளுங்கள். சம்பளத்தில் ஏமாறாதீர்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முழுவருடத் தொகையாக இருக்கலாம். பாடசாலை நடக்கும் கிழமைகளுக்கும் உங்கள் மணித்தியாலங்களுக்கும் ஏற்ப அது குறைந்து, பன்னிரண்டு மாதங்களுக்குப் பங்கிட்டு வரும். கைக்கு வருவது எவ்வளவு என்று நேர்முகத்திலேயே கேட்கலாம். அரச பாடசாலையில் நேரடியாகச் சேர்ந்தால் உள்ளூராட்சி ஓய்வூதியத் திட்டம் கிடைக்கும். ஏஜென்சி வழியாகப் போனால் அது இல்லை.

கோர்ஸுக்குப் பணம் கட்டுமுன் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: பாடசாலையில் நேரடிப் பயிற்சி இதில் உண்டா, அந்த இடத்தை யார் தேடித் தருவது? இணையத்தில் மலிவாக விற்கிற சில கோர்ஸுகள் வெறும் வாசிப்போடு முடிந்துவிடும். கையில் தாள் இருக்கும், ஒரு வகுப்பறையைக்கூடப் பார்த்திருக்கமாட்டீர்கள். பல கொலிஜுகளில் இடத்தை நீங்களே தேட வேண்டும். உங்கள் பிள்ளையின் பாடசாலையிலேயே கேட்கலாம், ஆனால் உங்கள் பிள்ளையின் வகுப்பில் விடமாட்டார்கள், விடவும் கூடாது. டி.பி.எஸ். என்ற குற்றப்பின்னணிச் சோதனைக்குச் சில கிழமைகள் பிடிக்கலாம். செப்டெம்பரில் தொடங்க நினைப்பவர்கள் பாடசாலை கோடை விடுமுறைக்கு மூடுமுன், ஜூன் மாதத்திலேயே போய்க் கதைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.