சேர்ந்து எழுதுற மாயக்கதை: முதல் வரிக்கு முன்னாடி பேசி முடிக்க வேண்டியவை

[திரை: கம்பம் பள்ளத்தாக்கில் வெயில். பின்னால் குமுளி மலை மேல் மழைமேகம்.]

குரல்: கம்பத்துல ரெண்டு பேர், கூடலூர்ல ஒருத்தர், குமுளியில ஒருத்தர், வண்டிப்பெரியாறு எஸ்டேட்ல ஒருத்தர். அஞ்சு பேரும் சேர்ந்து ஒரு மாயக்கதை எழுதப் போறாங்கன்னு வச்சுக்குவோம். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருத்தர் விட்ட இடத்துல இருந்து அடுத்தவர் எடுத்து எழுதணும். இந்த வகைக் கதை பாதியில படுத்துச்சுன்னா, எழுத்து மோசம்னு அர்த்தமில்ல. எது யாரோட முடிவுன்னு யாருமே பேசி வைக்கல, அவ்வளவுதான். அதனால அந்த ஒரு கேள்வியை மட்டும் பிடிச்சுக்குவோம்: கதையில இந்த விஷயம் யார் கையில?

[திரை: இரண்டு வரிகள், ஒன்றன் கீழ் ஒன்று.]

குரல்: முதல் வரி இது. "கருப்பன் வீசிய சுருள்வாள் பொன்னியின் தோளைக் கிழித்தது. அவள் அலறிக்கொண்டு புதருக்குள் ஓடினாள்." படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கருப்பனை எழுதுறவர் வேற, பொன்னியை எழுதுறவர் வேற. இந்த ஒரு வரியில பொன்னிக்குக் காயம் பட்டாச்சு, அலறியாச்சு, பயந்து ஓடியும் ஆச்சு. மூணுமே அவங்களைக் கேக்காம நடந்தது. இப்படி ஆளுக்கு ஒரு பாத்திரமா எடுத்து எழுதுறதுக்கு ரோல்பிளேன்னு பேரு; அதை எழுதுறவங்க இதைத்தான் காட்மோடிங்னு சொல்வாங்க.

ரெண்டாவது வரி. "கருப்பன் சுருள்வாளைச் சுழற்றிப் பொன்னியின் தோளைக் குறிவைத்தான்." இதோட நிறுத்தியாச்சு. வாள் பட்டுச்சா, தப்புச்சா, பொன்னி கத்துனாளா, சிரிச்சாளா, எல்லாமே பொன்னியோட ஆள் கையில. முயற்சி உங்களோடது, விளைவு எதிராளியோடது. கதை தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் கையெழுத்துப் போடுற ஒப்பந்தத் தாள்ல முதல் விதியா இதையே எழுதிக்கோங்க.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. சில பேர் எந்த அடியையும் வாங்க மாட்டாங்க. ஒவ்வொரு தடவையும் "மயிரிழையில் விலகினாள்"னு எழுதிட்டே போவாங்க. அப்ப சண்டைக்காட்சி செத்துரும். மூணு அடி வந்தா ஒண்ணாவது படணும்னு முன்கூட்டியே பேசி வைங்க. சாவு, ஊனம், சிறை, கல்யாணம் இந்த நாலும் அந்தப் பாத்திரத்தை எழுதுறவர் ஒப்புக்கிட்டு எழுதிக் கொடுத்தா மட்டும்தான் நடக்கும். கல்யாணம் எதுக்கு இந்தப் பட்டியல்லன்னு கேக்கலாம். அடுத்தவர் பாத்திரத்துக்குத் தாலி கட்டிவிட்டு அதுல மூண்ட சண்டை, கொலையில மூண்ட சண்டைக்குக் கொஞ்சமும் குறைஞ்சது இல்ல.

[திரை: மிளகு மூட்டை. அதற்குள் ஒரு சாவி.]

குரல்: அடுத்தது, யாருக்கு என்ன தெரியும்ங்கிறது. கருப்பன் ராத்திரியில சாவியை மிளகு மூட்டைக்குள்ள ஒளிச்சு வைக்கிறான். அந்தப் பதிவை அஞ்சு எழுத்தாளரும் படிச்சாச்சு. மறுநாள் காலையில பொன்னி நேரா போய் அதே மூட்டையை அவுக்குறா. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டா, "உள்ளுணர்வு"ங்கிறாங்க. நீங்க படிச்சதை உங்க பாத்திரம் படிக்கல. இதுக்கு மெட்டாகேமிங்னு பேரு. தடுக்குறது சுலபம். ஒவ்வொரு பதிவுக்கும் கடைசியில ஒரு வரி சேருங்க: "இது தெரிந்தவர்கள்: கருப்பன், கழுதைக்காரச் சிறுவன்." அந்தப் பட்டியல்ல பேர் இல்லாத பாத்திரம் அதை வச்சு எதையும் செய்யக் கூடாது.

[திரை: கையால் வரைந்த வரைபடம். கீழே பள்ளத்தாக்கு, மேலே கணவாய்.]

குரல்: இப்ப உலகம். ஒண்ணுமில்லாததுல இருந்து ஒரு ராஜ்யத்தை உருவாக்கணும்னு அவசியமே இல்ல. கண்ணுக்கு எதிர்ல இருக்கிற மலையை எடுத்து, பேரை மட்டும் மாத்திக்கிட்டாலே பாதி விதி தானா கிடைச்சிரும். ஜூன், ஜூலையில குமுளியில மழை ஊத்தும். அதே நாள்ல கீழ கம்பத்துல காத்துதான், கூடவே தூறல். பள்ளத்தாக்குக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில. கதையில ஒரு படை மலைக்கு மேல நனையுது, கீழ காத்திருக்கிற படை புழுதியில கண்ணைக் கசக்குது. ரெண்டும் ஒரே நாள், ரெண்டுமே சரி.

குமுளிக்குப் பக்கத்து மலையில இருக்கிற மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி அன்னிக்கு மட்டும்தான் பக்தர்களை விடுறாங்க. வருஷத்துல ஒரே நாள் திறக்கிற வாசல்ங்கிற அந்த அமைப்பை மட்டும் எடுத்துக்கோங்க. கும்பிடுற சாமியைப் பேரோட கதைக்குள்ள இழுத்து வசனம் பேச வைக்காதீங்க. சாதிப் பேருக்கும் இதேதான்.

அதிகமாத் தப்பு நடக்கிறது பயணத்துல. காலையில அடிவாரத்துல இருந்தவன் மத்தியானம் கணவாய்க்கு மேல நிக்கிறான், சாயங்காலம் கடலோரத்துல மீன் சாப்பிடுறான். அதனால ஒரு அளவை வச்சுக்கோங்க: சமவெளியில ஒரு நாள் நடை 25 கிலோமீட்டர், மலையேத்தத்துல அதுல பாதி, பொதி கழுதையோட போனா இன்னும் குறைவு. கம்பத்துல இருந்து குமுளிக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, கடைசிப் பகுதி முழுக்க ஏத்தம். அப்ப பொதியோட போறவங்களுக்கு ராத்திரி ஒரு தங்கல் நிச்சயம் உண்டு. அந்தத் தங்கல்லதான் நல்ல காட்சியெல்லாம் பிறக்கும்.

மந்திரத்துக்கு மூணே கேள்வி. எதைச் செய்ய முடியாது? விலை என்ன? அதை யார் யார் பாக்க முடியும்? "நீரை நிறுத்தலாம், மேட்டுக்கு ஏற்ற முடியாது, நிறுத்துகிறவனுக்கு அன்று முழுதும் தாகம் அடங்காது." இவ்வளவு போதும். விலை இல்லாத மந்திரத்தை உள்ள விட்டா, அஞ்சாவது பதிவுல எல்லாருமே சாகாவரம் வாங்கி உக்காந்திருப்பாங்க.

[திரை: ஒரு கோடு. பக்கத்தில் ஒரு திரைச்சீலை.]

குரல்: அடுத்து, எதை எழுதக் கூடாதுன்னு பேசுறது. கூச்சப்பட்டுக்கிட்டு இதைத் தள்ளிப் போடாதீங்க. ரோல்பிளே விளையாட்டுகளை உருவாக்குறவரான ரான் எட்வர்ட்ஸ் பழக்கத்துக்குக் கொண்டு வந்த ஒரு முறை இருக்கு: கோடு, திரை. கோடுன்னா அந்த விஷயம் கதையில கிடையவே கிடையாது. திரைன்னா நடக்கும், ஆனா காட்சியாக் காட்ட மாட்டோம். கதவு சாத்திரும், அடுத்த வரி மறுநாள் காலை. ஒவ்வொருத்தரும் தன்னோட கோட்டையும் திரையையும் தனியா எழுதி, கதையை ஒருங்கிணைக்கிற நடத்துனருக்கு அனுப்பணும். அவர் பேர் போடாம ஒரே பட்டியலாச் சேர்த்துப் போடணும். யாரும் காரணம் கேக்கக் கூடாது. குழுவுல 18 வயசுக்குக் கீழ ஒரே ஒருத்தர் இருந்தாலும் பாலியல் காட்சி முழுக்கவே கோடுதான், அதுல விவாதத்துக்கு இடமில்ல.

இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லையில எழுதுறவங்க இன்னொண்ணையும் பேசியே ஆகணும். அணை. 1895-ல கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணைத் தண்ணியிலதான் கம்பம் பள்ளத்தாக்கு நெல்லு விளையுது. அதே அணைக்குக் கீழ ஆத்தோரத்துலதான் வண்டிப்பெரியாறு இருக்கு. 2011 டிசம்பர்ல குமுளி எல்லையில போக்குவரத்தே நின்னு போன அளவுக்குப் பதற்றம் இருந்துச்சு. உங்க கதையில "ராட்சசன் அணையை உடைத்தான்"னு ஒருத்தர் எழுதினா, கம்பத்துக்காரருக்கு அது ஒரு திருப்பம். ஆத்தோரத்துல குடியிருக்கிறவருக்கு அது சின்ன வயசுல இருந்து கேக்குற பயம். கோடு போடுறதா, திரை போடுறதான்னு குழு முடிவு பண்ணட்டும். ஆனா முதல் பதிவுக்கு முன்னாடி முடிவு பண்ணுங்க.

எழுதிட்டு இருக்கும்போதே ஒருத்தருக்கு ஒப்பலன்னா? ரோல்பிளே விளையாட்டுக்காக ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கின எக்ஸ் கார்டு முறையை, அதாவது எக்ஸ் போட்ட அட்டையைக் காட்டினா ஒப்பாத விஷயத்தைக் காரணம் கேக்காம மாத்திடுற முறையை, சாட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். ஒரு சிவப்பு வட்டம் போட்டா அந்தக் காட்சி அங்கயே நிக்கும். திருத்திட்டுத் தொடரணும்.

[திரை: இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள், ஒரு கூகுள் டாக்ஸ்.]

குரல்: நடைமுறைக்கு வருவோம். நாலுல இருந்து ஆறு பேர் சரியான அளவு. ஏழாவது ஆள் வந்தா, தன் முறை வர்றதுக்குள்ள கதை என்னன்னே மறந்துரும். ஒரு பதிவு 150-ல இருந்து 300 சொல். கதைக்கு ஒரு குழு, பேச்சுக்கு இன்னொரு குழு. கதைக்குழுவுல "சூப்பர் அண்ணே"கூடப் போடக் கூடாது. வாட்ஸ்அப்ல அனுப்பினதைத் திருத்த 15 நிமிஷம்தான் கிடைக்கும். அதனால அசல் பிரதி எப்பவும் கூகுள் டாக்ஸ்ல இருக்கட்டும். ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா டாக்ஸ்ல இருக்கிறதுதான் செல்லும்.

முறை வந்தா 72 மணி நேரம் அவகாசம். 24 மணி நேரம்னு வைக்காதீங்க. எஸ்டேட் பக்கம் சிக்னல் ஒரு நாள் முழுக்க இல்லாம போகும், ஏலக்காய் எடுப்பு நேரத்துல ஆளே கிடைக்க மாட்டாங்க. 72 தாண்டினா முறை அடுத்தவருக்கு. வராதவரோட பாத்திரம் கூட்டத்தோட நடக்கும், பேசாது, சாகாது. 30 நாள் தாண்டினா நடத்துனர் அதை மரியாதையா ஊருக்கு அனுப்பி வைக்கலாம். கொல்லக் கூடாது, அவர் திரும்பி வரலாம் இல்லையா.

பிரச்சினை வந்தா 24 மணி நேரத்துக்குள்ள பேச்சுக்குழுவுல சொல்லணும். அதுக்குள்ள சொன்னா பதிவை மாத்தலாம்; அப்புறம்னா நடந்தது நடந்ததுதான், கதைக்குள்ளயேதான் சமாளிக்கணும். நடத்துனரோட முடிவு இறுதி. ஆனா அவரோட சொந்தப் பாத்திரம் சம்பந்தப்பட்ட தகராறுல வேற ஒருத்தர்தான் தீர்ப்புச் சொல்லணும். இதை விட்டுட்டா, நடத்துனர் பாத்திரம் தோக்கவே தோக்காது.

[திரை: கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள்.]

குரல்: கடைசியா, உரிமை. கதை நல்லா வந்துருச்சு, புத்தகமாப் போடலாம்னு ஒருத்தர் சொல்றார். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, யார் பங்கு எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியாத அளவுக்குக் கலந்த எழுத்துதான் கூட்டுப் படைப்பு. பேர் போட்டுத் தனித்தனியா நிக்கிற பதிவு எழுதினவருக்கே சொந்தம்னு வாதம் வரும். நடத்துனருக்கு மொத்தமா எதுவும் தானா வந்துராது. உரிமையை மாத்திக் கொடுக்கணும்னா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷத்துக்குன்னு குறிக்கலன்னா சட்டம் அதை அஞ்சு வருஷமா எடுத்துக்கும். வாட்ஸ்அப்ல கட்டைவிரல் காட்டினதை நம்பிப் பதிப்பகத்துக்குப் போகாதீங்க. பாதியில விலகுறவரோட பாத்திரத்தை மத்தவங்க தொடரலாமா, பேரை மாத்திட்டுத் தொடரணுமா, அங்கயே நிறுத்தணுமா? இந்த மூணுல ஒண்ணுக்கு நேரா டிக் போட்டு, தேதியோட கையெழுத்து வாங்கின பிறகு முதல் முறையை யாருக்குக் கொடுக்கிறதுன்னு சீட்டுக் குலுக்கிப் போடுங்க.